யந்திர மூளையும் சதுரங்கப் புதிரும்

சதுரங்கப் பலகையில் ஒரு விசித்திரமான நிலை. வெள்ளைப் படையில் எஞ்சியிருப்பவர்கள் அரசனும் நான்கு காலாட்களுமே. எதிரே கறுப்புப் படையில் அரசன், அரசி, இரண்டு கோட்டைகள், மூன்று மந்திரிகள், ஐந்து காலாட்கள். இதைக் காண்பவர் எவரும் வெள்ளையரசன்மேல் இரக்கங் கொண்டு, ஆட்டம் முடிந்ததென்றே கூறிவிடுவர்.

கணினிகளும் அவ்வாறே கூறின. 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, ஆங்கில நாட்டுக் கணித அறிஞர் சேர் றொஜர் பென்றோஸ் அவர்களின் பெயர் தாங்கிய நிறுவனம் இந்நிலையைப் பொதுமக்கள் முன் வைத்தது. பென்றோஸ் 2020இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றவர். உலக வெற்றி வீரரையும் எளிதில் மடக்கவல்ல சதுரங்க நிரல்கள், கோடிக்கணக்கான நகர்வுகளை ஆராய்ந்துவிட்டு, கறுப்புக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தன. ஆனால், ஆட்டத்தின் விதிகளை மட்டும் அறிந்த ஒரு மாணவன் சிறிது நேரம் பொறுமையோடு உற்று நோக்கினால், வெள்ளைக்குத் தோல்வியே கிடையாது என்பதைக் கண்டுகொள்வான்.

அது எங்ஙனம்? கறுப்பின் அரசி, கோட்டைகள், அரசன் ஆகிய யாவும் பலகையின் இடப்பக்க மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, தம் படையினராலேயே அடைபட்டு நிற்கின்றன. கறுப்புக் காலாட்களும் அசைய வழியில்லை. ஒவ்வொன்றின் முன்னும் வெள்ளைக் காலாளோ தன்னினத்துக் காயோ தடையாயுளது. நடமாடக் கூடியவை அம்மூன்று மந்திரிகள் மட்டுமே. அம்மூன்றுமோ கருங்கட்டங்களில் மாத்திரம் உலவுபவை. வெள்ளைக் காலாட்கள் நான்கும் வெண்கட்டங்களிலேயே நிற்கின்றன. ஆகவே வெள்ளையரசன் வெண்கட்டங்களை விட்டு இறங்காது மெல்ல உலாவிக் கொண்டிருந்தாற் போதும்; மூன்று மந்திரிகளல்ல, முப்பது மந்திரிகள் வந்தாலும் அவனைத் தீண்ட முடியாது. காலாள் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இரு சாராரும் 50 நகர்வுகளை ஆடிவிட்டால் ஆட்டம் சமநிலை எனக் கோரலாம் என்பது விதி. வெள்ளை செய்யக்கூடிய பெருந்தவறு, அருகே எட்டும் கோட்டையை வெட்டும் பேராசைதான். வெட்டினால் சிறைக்கதவு திறந்துவிடும்.

யந்திரம் ஏன் ஏமாந்தது என்பதும் விளங்கிக் கொள்ளக் கூடியதே. கணினி, "நான் இப்படி ஆடினால் அவன் எப்படி ஆடுவான்" என்று கிளைகிளையாக விரித்துச் செல்லும். முடிவு காணாத இடத்தில் நின்று, காய்களின் பெறுமதியை எடைபோடும். அரசிக்கு இவ்வளவு, கோட்டைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் கறுப்பின் தட்டே தாழும். மந்திரிகள் எத்தனை விதமாக நகர்ந்தாலும் பயனொன்றுமில்லை என்ற பொது உண்மையை அது ஒரேயடியாகக் காண்பதில்லை. ஒவ்வொரு நகர்வாகச் சென்று பார்க்கின்றது. மனிதனோ, "இந்தச் சுவர் இடியாது" என்று ஒரு வாக்கியத்திற் சொல்லி முடிக்கின்றான்.

மனித அறிவு வெறுங் கணக்கீடு அன்று என்பது பென்றோஸ் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்த கொள்கை. அதற்குச் சான்றாகவே இப்பலகை முன்வைக்கப்பட்டது. ஒரு சதுரங்கப் பலகையைக் கொண்டு அத்துணைப் பெரிய முடிவுக்கு வருதல் மிகை என்றே எமக்குத் தோன்றுகின்றது. எனினும், காய்களை எண்ணுவது வேறு, நிலையை உணர்வது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இத்தகைய புதிர்களின் வரலாறு கணினிக்கு மிக முந்தியது. அவற்றுள் எம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது 1895இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தது. அங்கு வெளிவந்த வாரப் பத்திரிகை ஒன்றின் சதுரங்கப் பகுதியை நடாத்தி வந்த பாபியர் என்பவர், ஒரு நிலையை வெளியிட்டு, கறுப்பு இதனைச் சமநிலையாக்கலாம் என்று எழுதினார். அவ்வூரில் வாழ்ந்த ஸ்பானிய குருவானவர் பெர்னாந்தோ சாவெத்ரா அதனைப் பார்த்தார். அவர் பேர்பெற்ற ஆட்டக்காரரல்லர். ஆயினும், பத்திரிகை சமநிலை என்ற இடத்தில் வெற்றி மறைந்து கிடப்பதைக் கண்டவர் அவரே.

அந்நிலையை வீட்டிலே பலகையில் அமைத்துப் பாருங்கள். வெள்ளையின் பக்கமிருந்து நிரல்களை இடமிருந்து வலமாகவும், நிரைகளைக் கீழிருந்து மேலாகவும் எண்ணுக. வெள்ளையரசன் 2ஆம் நிரல், 6ஆம் நிரை. அவனருகே 3ஆம் நிரல், 6ஆம் நிரையில் ஒரு காலாள். கறுப்பரசன் கீழ் இடது மூலையில். கறுப்புக் கோட்டை 4ஆம் நிரல், 5ஆம் நிரையில். ஆட்டம் வெள்ளைக்கு. காலாள் ஒரு கட்டம் முன்னேறுகின்றது. கோட்டை பக்கத்தினின்றும் அரசனை விடாது தாக்க, அரசன் தன் நிரலிலேயே படிப்படியாக இறங்கி 3ஆம் நிரையை அடைகின்றான். மீண்டும் தாக்கப்பட்டதும் 3ஆம் நிரல், 2ஆம் நிரைக்கு ஒதுங்குகின்றான். கோட்டை இப்பொழுது 4ஆம் நிரல், 4ஆம் நிரைக்கு ஏறிப் பொறி வைக்கின்றது. கடைசி நிரையை எட்டும் காலாளை வழக்கம்போல் அரசியாக்கினால், கோட்டை 3ஆம் நிரலுக்குப் பாய்ந்து அரசனைத் தாக்கும், அரசி அதை வெட்டியதும் கறுப்பரசனுக்கு நகர இடமில்லை, ஆட்டம் சமநிலை. பத்திரிகை கண்டது இதுவரை.

சாவெத்ரா காலாளை அரசியாக்கவில்லை, கோட்டையாக்கினார். வலிமை குறைந்த காயை வேண்டுமென்றே கேட்டு வாங்கினார். இப்பொழுது புதிய கோட்டை இடது ஓர நிரலுக்குச் சென்று அரசனைச் சிறைப்படுத்தும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கக் கறுப்புக் கோட்டை அந்நிரலுக்கே ஓடவேண்டும். வெள்ளையரசன் ஓரடி ஏறி 2ஆம் நிரல், 3ஆம் நிரைக்கு வருகின்றான். அந்த ஓரடியில் எதிரியின் கோட்டைக்கும் ஆபத்து, அரசனுக்கும் ஆபத்து. இரண்டையும் ஒருங்கே காக்க இயலாது. இன்று அந்நிலை சாவெத்ரா நிலை என்றே உலகெங்கும் வழங்குகின்றது.

இப்புதிரைக் கணினி இமைப்பொழுதில் விடுவிக்கும் என்பது உண்மையே. காய்கள் குறைந்தவிடத்து யந்திரத்துக்கு நிகரில்லை. 2012இல் மொஸ்கோவில், இரு அரசர்களையும் சேர்த்து ஏழு காய்கள் கொண்ட நிலைகளின் முடிவை எல்லாம் கணித்து அட்டவணையாக்கினர். அதனாற் பல பழம் புதிர்கள் பழுதுடையவை என வெளிப்பட்டன. வேறு சிலவற்றுக்கோ பெருமை கூடியது. இரஷ்யாவில் வன அதிகாரியாக இருந்த அலெக்சி ட்ரொயிற்ஸ்கி, இரு குதிரைகள் ஒரு காலாளை எதிர்த்து எப்பொழுது வெல்லலாம் என்பதைத் தம் மதியொன்றாலேயே ஆராய்ந்து வைத்தார். அவ்வாராய்ச்சி பெரும்பாலும் சரியென அட்டவணைகள் உறுதிப்படுத்தின. அதை அறிய அவர் உயிரோடில்லை. 1942இல் லெனின்கிராட் முற்றுகையின்போது பசியால் மாண்டார்.

காய்கள் சற்று மிகுந்த இடத்திலேதான் யந்திரம் இன்னுந் தடுமாறும். ஒல்லாந்தரான வான் பிறொய்க்கலன் ஆக்கிய புதிரொன்றை ஆங்கில ஆட்டக்காரர் ஜேம்ஸ் பிளாஸ்கற் 1987இல் பிரசல்ஸ் சுற்றுப்போட்டியில் கூடியிருந்த வீரர்களுக்குக் காட்டினார். பலரும் கைவிட்ட அதனை முன்னாள் உலக வெற்றி வீரர் மிக்கயில் தால் பூங்காவிலே உலாவி விட்டு வந்து விடுவித்தார் என்பது சதுரங்க உலகம் இன்றுஞ் சொல்லி மகிழும் கதை. அதில் வெள்ளை தான் புதிதாகப் பெற்ற அரசியையே வெட்டக் கொடுக்கின்றது. பின்பு ஒரே ஒரு மந்திரி பலகையில் இங்கும் அங்கும் குறுக்கே ஓடி, நகர்வுதோறும் புதிய திசையிலிருந்து அச்சுறுத்துகின்றது. கறுப்பு தன் காலாட்கள் இரண்டைக் குதிரைகளாக்கி, நான்கு குதிரைகள் நின்றும் அரசனைக் காக்க இயலாது போகின்றது! இப்புதிரை வைத்து இருவகை நிரல்களைச் சோதித்து 2022இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கோடி கோடியாகத் தேடும் நிரல் விடையைக் கண்டது; தன்னைத் தானே பயிற்றிக்கொண்டு மனிதர்போல் சில வழிகளையே நாடும் நிரலோ காணாது விட்டது. உள்ளுணர்வுக்கு அருகில் வந்த யந்திரமே தோற்றது என்பது வேடிக்கையன்றோ?

மாணவர்கள் முயல்வதற்கு ஒன்று தருவோம். 1921இல் றிச்சர்ட் றேட்டி ஆக்கியது. வெள்ளையரசன் மேல் வலது மூலையில். வெள்ளைக் காலாள் 3ஆம் நிரல், 6ஆம் நிரை. கறுப்பரசன் 1ஆம் நிரல், 6ஆம் நிரை. கறுப்புக் காலாள் 8ஆம் நிரல், 5ஆம் நிரை. வெள்ளை ஆடிச் சமநிலை காணவேண்டும். கறுப்புக் காலாளைத் துரத்தினால் எட்டாது; தன் காலாளைக் காக்க ஓடினாலும் காலம் போதாது. முதல் நகர்வை மட்டும் சொல்லிவிடுகின்றோம்: அரசன் மூலையிலிருந்து குறுக்காக 7ஆம் நிரல், 7ஆம் நிரைக்கு இறங்குகின்றான். சதுரங்கப் பலகையில் குறுக்கு வழி நேர்வழியிலும் நீண்டதன்று என்பதை நினைவிற் கொண்டு மிகுதியை நீங்களே கண்டுபிடியுங்கள்.