உங்களுக்குத் தெரியுமா? மேடையிலேயே ஒளிந்திருந்த இன்டெல்!

2005 ஜூன் 6, சான் பிரான்சிஸ்கோ. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் காலையிலிருந்து மேடையில் இயக்கிக் காட்டிய மேக் கணினி, உண்மையில் ஓடியது இன்டெலின் பென்டியம் 4 சிப்பில்! அவரே போட்டு உடைத்த பிறகுதான் கூட்டத்துக்கு விஷயம் புரிந்தது.

• அதுவரை மேக்கில் இருந்த பவர்பிசி சிப்புக்கென வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்பையும், ஐந்து ஆண்டுகளாக இன்டெலுக்கும் ரகசியமாகத் தயார்செய்து வைத்திருந்தது ஆப்பிள். அழுத்தமான ஆசாமிகள்தான்!

• இன்டெல் மேக்குக்கு மென்பொருள் எழுதுவோருக்கான சோதனைக் கணினியின் விலை அப்போது 999 டாலர். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டியிருந்தது.

• 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக். ஆகஸ்டுக்குள் எல்லா மேக்குகளும் இன்டெலுக்கு மாறிவிட்டன.

• பவர்பிசிக்கென எழுதிய பழைய மென்பொருள்களை இன்டெல் சிப்பில் ஓடவைத்தது 'ரொசெட்டா'. 2020இல் இன்டெலை விட்டுச் சொந்தச் சிப்புக்கு ஆப்பிள் தாவியபோது, 'ரொசெட்டா 2' வந்தது.