அக்டோபர் முதல் மார்ச் வரை: புதுச்சேரிக்குப் பொருந்தாத ஒரு சுற்றுலா நாட்காட்டி

புதுச்சேரிக்குச் செல்ல ஏற்ற காலம் எது என்று தேடினால், பெரும்பாலான பயணக் கையேடுகளும் விடுதி விளம்பரங்களும் அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஒரே குரலில் சொல்கின்றன. ஜெய்ப்பூருக்கு அது சரி, கோவாவுக்கும் ஏறக்குறைய சரி. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் மேற்குக் கடற்கரையில் வானம் தெளிந்து கடலும் அடங்கிவிடும். ஆனால் அதே அக்டோபரில்தான் நம் கிழக்குக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. கடலோரத்தில் இந்தப் பங்கு இன்னும் கூடுதல். வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் தமிழகக் கரையை நோக்கி வருவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். அதாவது, சிறந்த காலம் என்று சொல்லப்படும் ஆறு மாதங்களில் முதல் மூன்றும் இந்தக் கரைக்கு மழையும் புயலும் உள்ள மாதங்கள். வேறு ஊர்களின் தட்பவெப்பத்துக்காக எழுதப்பட்ட ஒரு வரியை அப்படியே புதுச்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் சென்னைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். அதை நம்பி முன்பணம் கட்டிய குடும்பம் மழையில் மாட்டிக்கொண்டால் நஷ்டம் முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

எப்போதோ ஒருமுறை வரும் புயலை வைத்து மூன்று மாதங்களை ஒதுக்குவது நியாயமா என்று கேட்கலாம். பட்டியலைப் பார்த்தால் 'எப்போதோ' என்று சொல்ல மனம் வராது. 'தானே' புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. புத்தாண்டுக் கூட்டம் ஊரை நிரப்பும் நேரம் அது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தால் பல நாட்கள் மூடிக்கிடந்தது. 2016 டிசம்பர் 12 அன்று 'வர்தா' சென்னையைத் தாக்கியது. 2020 நவம்பர் 25 இரவு தொடங்கி 'நிவர்' புதுச்சேரி அருகே கரையேறியது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' கரையைக் கடந்தது ஆந்திரத்தில்தான். ஆனாலும் சென்னையில் ஓடுபாதை வரை தண்ணீர் ஏறி விமானங்கள் நின்றன. 2024 நவம்பர் 30, ஒரு சனிக்கிழமை. வார இறுதிக்காகப் பலர் அறை எடுத்திருக்கக்கூடிய அந்த நாளில் 'ஃபெஞ்சல்' புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. புயல் வலுவிழந்த பிறகும் பாதிப்பு முடியவில்லை. விழுப்புரம் அருகே விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாயின, வேறு பாதைக்குத் திருப்பப்பட்டன. புயல் கரையைக் கடக்கும் அந்த இரவை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. வந்தவர் வீடு திரும்பும் வழி திறக்கும் வரை எல்லாமே கணக்கில் சேரும். புயலே இல்லாத ஆண்டில்கூட நவம்பரில் நாள்கணக்கில் அடைமழை பெய்யும். கடற்கரைச் சாலையில் அலை பாறைகளில் மோதிச் சிதறுவதை அறைச் சன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அப்படியானால் எப்போது போவது? பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை என்பதே என் முடிவு. சில ஆண்டுகளில் பருவமழை ஜனவரி நடுப்பகுதி வரை இழுத்துக்கொண்டு போகும். அதன் பிறகு மழை அபூர்வம். வெயில் உண்டு, ஆனால் உடலை வாட்டாது. மாலையில் கடற்காற்று வீசும். ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை வெயிலும் புழுக்கமும் சேர்ந்து பகலில் வெளியே நடமாட விடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் சாப்பிடவே வருபவர்களுக்கு நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டுமே கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பகலில் வெயில், சில மாலைகளில் இடியுடன் மழை. சிக்கனமாகப் போக விரும்புபவருக்கு அந்த மாதங்கள் மோசமில்லை.

பருவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் கடல் பாதுகாப்பாகிவிடும் என்று நினைப்பது தவறான பருவத்தில் போவதைவிடப் பெரிய ஆபத்து. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அப்போது புயல் எதுவும் அங்கே இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ தொலைவில் எழும் நெடிய அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் திடீரெனக் கரையேறுவதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், அந்த நாட்களில் அதற்கான எச்சரிக்கையை வெளியிட்டிருந்தது. தெளிந்த வானத்தைப் பார்த்துக் கடலை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆண்டு முழுவதும் இருக்கும் இன்னொரு ஆபத்து, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். கரையில் நின்று சற்று நேரம் கவனித்தால் கண்ணில் படும். இரு பக்கமும் அலைகள் உடைந்து நுரைக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் அலையின்றி அமைதியாகத் தெரியும்; அங்கே தண்ணீர் மண் கலங்கி நிறம் மாறியிருக்கும்; நுரையும் குப்பையும் கரைக்கு வராமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். நீச்சல் தெரியாதவர் குளிக்க நல்ல இடம் என்று இறங்குவது பெரும்பாலும் அந்த அமைதியான இடத்தில்தான். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டே களைத்து மூழ்குகிறார். பதறாமல் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியேறினால் பிறகு அலையே கரைக்குத் தள்ளிவிடும். உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டுமே இறங்குங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி கண்காணிப்பில் உள்ள பகுதி என்று பொருள். முழுச் சிவப்பு பறந்தால் கால் நனைக்கவும் வேண்டாம். படகு சவாரியில் உயிர்காப்பு மேலங்கி தராவிட்டால் ஏறாதீர்கள். 'என் சொந்தப் பொறுப்பில்' என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்பதற்காக, படகு நடத்துபவர் தம் அலட்சியத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. அவசரத்துக்கு 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பரில்தானே, பிப்ரவரியில் எப்படிப் போவது என்பது நியாயமான மறுப்பு. முதல் பதில், ஜனவரி 26-ஐ ஒட்டி வரும் வார இறுதி. இரண்டாவது, டிசம்பரில்தான் போக வேண்டும் என்றால் போகலாம். டிசம்பரின் பல நாட்கள் அழகாகவே இருக்கும். ஆனால் மழையால் பயணம் கெட்டால் யாருடைய பணம் போகும் என்பதை முன்பதிவு செய்யும் அன்றே தீர்மானித்துவிடுங்கள். அதற்குச் சட்டம் எவ்வளவு துணை வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

விமான நிறுவனம் பயணத்தை ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணம், இரண்டில் ஒன்றைப் பெறும் உரிமை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகளின்படி பயணிக்கு உண்டு. காரணம் வானிலை என்றால் தனி இழப்பீடு கிடைக்காது. கட்டணத்தைத் திருப்பித் தரும் கடமை மட்டும் மாறாது. பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கு வரவு வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். முகவர் மூலம் எடுத்த டிக்கெட் என்றாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. இழுத்தடித்தால் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுக்கலாம். பலர் பணத்தை இழப்பது வேறோர் இடத்தில்: புயல் செய்தி கேட்டதும் பதறி, தாங்களே முந்திக்கொண்டு டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறார்கள். அப்போது வழக்கமான ரத்துக் கட்டணம் பிடிக்கப்படும். பயணம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாலும், நிறுவனம் என்ன அறிவிக்கிறது, தேதியை இலவசமாக மாற்றித் தருகிறதா என்று பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள். ரயிலிலும் இதே நிலைதான். ரயில்வே ரத்து செய்த ரயிலுக்கு இணைய டிக்கெட் பணம் முழுவதும் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். ஏறும் நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யாவிட்டாலும் முழுப் பணம் உண்டு. ஆனால் அந்த ரயில் புறப்படுவதற்கு முன்பே டிடிஆர் எனப்படும், பணத்தைத் திரும்பக் கோரும் விண்ணப்பத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

விடுதி விஷயத்தில் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை. வெள்ளம் புகுந்து விடுதியே மூடிவிட்டால், நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு. அதன்கீழ் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. ஆனால் விடுதி திறந்திருக்க, சாலை அடைபட்டதால் நீங்கள் போய்ச் சேரவில்லை என்றால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும்; முன்பதிவில் ஒப்புக்கொண்ட நிபந்தனையே பேசும். சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக 'பணம் திரும்பக் கிடைக்காது' என்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுப்பது பிப்ரவரியில் புத்திசாலித்தனமாக இருக்கலாம், நவம்பரில் அல்ல. பயணக் காப்பீடும் முன்கூட்டியே எடுத்தால்தான் பயன். புயல் எச்சரிக்கை வந்த பிறகு எடுத்தால், முன்பே தெரிந்த நிகழ்வு என்று சொல்லிக் கோரிக்கையை மறுத்துவிடுவார்கள்.

நியாயமான பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி, விடுதி இருக்கும் ஊருக்கு அலையாமல் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நிபந்தனைப் பக்கத்தின் படம், ரசீது, வானிலைத் துறை அந்த மாவட்டத்துக்கு விடுத்த ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கையின் நகல் ஆகியவற்றை அன்றைக்கே எடுத்து வையுங்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண் கப்பல்களுக்கான அறிவிப்பு. உங்கள் பயணத்துக்கும் உங்கள் வாதத்துக்கும் உதவுவது மாவட்ட வாரியான எச்சரிக்கைதான்.

மழைக்காலத்தில் யாரும் வர வேண்டாம் என்றால் அங்கே பிழைப்பவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அவர்களின் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை; புயலில் முதலில் கூரை இழப்பவர்களும் படகு இழப்பவர்களும் அவர்களே. ஆனால் மழையை மறைத்து வரவழைத்த விருந்தாளி ஒருமுறைதான் வருவார். சிவப்பு எச்சரிக்கை வந்தால் கட்டணமின்றித் தேதியை மாற்றித் தருவோம் என்று விடுதிகள் எழுதிக் கொடுத்தால், நவம்பரிலும் மக்கள் துணிந்து அறை எடுப்பார்கள். அரசுச் சுற்றுலாத் துறைகளும் தங்கள் விளம்பரங்களில் பருவமழை மாதங்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதுவரை, முன்பணம் அனுப்பும் முன் விடுதிக்கு மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: 'எங்கள் தேதியில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா, தேதியை மாற்றித் தருவீர்களா?' தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். எழுத்தில் வரும் பதில்தான் பின்னர் ஆணையத்தில் ஆவணமாகும்.