புல்லட்டுக்குக் கூடுதல் பலம்: செலவுக்கு முன் சிந்தியுங்கள்

பெங்களூரிலிருந்து மைசூர், பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குக் கிளம்பும் புல்லட்காரர்களுக்கு மசினகுடி தாண்டியதும் சோதனை தொடங்குகிறது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் பழைய 350 வண்டி முக்கி முனகும். 'எஞ்சினை 500 ஆக்கினால் என்ன?' என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது.

ஆக்கலாம். திருவொற்றியூரில் தயாரான பழைய இரும்பு எஞ்சினில், 350க்கும் 500க்கும் பிஸ்டன் ஓட்டம் ஒன்றே: 90 மில்லிமீட்டர். சிலிண்டரின் உள்விட்டம்தான் 70லிருந்து 84 ஆகிறது. 346 சி.சி., 499 ஆகிவிடும். சிலிண்டர், பிஸ்டன், ஹெட் மூன்றையும் மாற்றி, கிராங்க் கேஸின் வாயையும் கடைந்து அகலப்படுத்த வேண்டும். இவ்வளவுக்கும் 18 குதிரைசக்தி சுமார் 22 ஆகும், அவ்வளவே.

சூடும் அதிர்வும் கூடும். டிரம் பிரேக்கோ பழையதுதான். ஏற்றத்தில் இழுக்கும் பலம், கூடலூர் இறக்கத்தில் வண்டியை நிறுத்தாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் பெறுவதும் சிக்கலாகலாம்.

டாப்பெட், கார்புரேட்டர், பாயின்ட், பிரேக் ஷூ ஆகியவற்றை முதலில் சரி பார்த்தால், வண்டி இழந்த பலம் பெருமளவு திரும்பும். மூட்டையைக் குறைப்பதும் காசில்லாமல் கிடைக்கும் குதிரைசக்திதான்!