18 வயதுக்குப் பிறகு யார் பொறுப்பு?

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலர், சிறப்புப் பள்ளிப் பருவம் முடிந்ததும் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்கள். 'எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்?' என்பதே பெற்றோரின் கவலை.

18 வயது நிறைந்தவர் சட்டப்படி மேஜர். பெற்றோர் என்பதாலேயே அதன்பின் காப்பாளராகிவிட முடியாது. வங்கி, சொத்து விவகாரங்களில் சிக்கல் வரும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்து, சட்டக் காப்பாளர் நியமனம் பெறலாம். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம், வயது வரம்பில்லை.

ஜமாஅத்தாக நாம் செய்ய வேண்டியவையும் உண்டு:

- மஹல்லாவில் இத்தகையோர் எத்தனை பேர் எனக் கணக்கெடுப்போம்.
- படிப்பறிவில்லாத பெற்றோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம்.
- வாரம் ஒருநாள் அவர்களை ஒன்றுகூட்டுவோம். பெற்றோருக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.
- நோன்புக் கஞ்சி விநியோகத்தில் அவர்களுக்கும் ஒரு பொறுப்பு கொடுப்போம்.
- கடை வைத்திருப்போர், முடிந்த வேலையை உரிய கூலியோடு கொடுப்போம்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே ஊர் அவர்களோடு பழகிக்கொள்ளட்டும்.