கத்தாரின் ‘ஸுஹைல்-2’ தன் இடத்தை அடைந்தது எப்படி?

செயற்கைக்கோளை ராக்கெட்டே அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் கடினமான வேலை அதன் பிறகே தொடங்குகிறது.

2018 நவம்பர் 15 அன்று ஃபுளோரிடாவிலிருந்து ஏவப்பட்டது கத்தாரின் ஸுஹைல்-2. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான இதில், ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கான கருவியும் இருந்தது.

ராக்கெட் அதை விட்டது நீள்வட்டப் பாதையில். பூமியிலிருந்து மிகத் தொலைவான புள்ளிக்கு வரும்போது செயற்கைக்கோள் தன் சொந்த எஞ்சினை இயக்கும். வேகம் கூடுவதால் பூமிக்கு அருகிலுள்ள முனை மேலே உயரும். பாதையின் சாய்வும் குறையும். இப்படிப் படிப்படியாக, பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதை அமைகிறது. அங்கே பூமியோடு சேர்ந்து சுற்றுவதால், நம் பார்வைக்கு அது ஒரே இடத்தில் நிற்கும்.

எஞ்சின் பிசகினால்? 2000இல் ஏவப்பட்ட ஆஸ்கார்-40 என்ற ஹாம் செயற்கைக்கோள் அப்படித்தான் பலத்த சேதமடைந்தது. திட்டமிட்ட பாதையை அடையவே இல்லை.

ஸுஹைல்-2 இறையருளால் பத்திரமாகச் சேர்ந்தது. பூமியோடு ஒத்துச் சுற்றும் பாதையில் அமெச்சூர் வானொலிக் கருவியைச் சுமக்கும் முதல் செயற்கைக்கோள் இதுவே. 2019 பிப்ரவரி முதல் இந்தியா உட்பட பல நாடுகளின் ஹாம்கள் இதன் வழியே பேசுகிறார்கள்.

இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம். நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.