சீருடை

சென்னை மாநகரின் வடபால், எண்ணூர்க் கழிமுகத்திற்கு அண்மையில் அத்திப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அங்கே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கின்றன. துறைமுகத்தை நோக்கிச் சரக்கு வண்டிகள் ஓயாது செல்கின்றன. மீன் பிடிப்போர், ஆலைத் தொழிலாளர், சிறு வணிகர் எனப் பல திறத்தார் அவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். காலையில் அவர்தம் மக்கள் அணியணியாக அரசுப் பள்ளிக்குச் செல்வர். அவர்களுள் யார் வலைஞர் மகன், யார் வணிகர் மகள் என்பது காண்பவர்க்குப் புலப்படாது. எல்லாரும் ஒரே நிற உடை அணிந்திருப்பதே அதற்குக் காரணம். அவ்வுடையே சீருடை எனப்படும்.

சீருடையின் வரலாறு வியப்புக்குரியது. இலண்டன் மாநகரில் 1552ஆம் ஆண்டில் ஏழைச் சிறுவர்க்கென ‘கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்’ என்னும் பள்ளி நிறுவப்பெற்றது. அங்குப் பயின்றோர்க்கு நீண்ட நீல அங்கி வழங்கினர். இல்லாதவர்க்கு அறமாக ஈந்த அவ்வாடையே பள்ளிச் சீருடையின் பழைய வடிவங்களுள் ஒன்று. செல்வர் பயிலும் பள்ளிகள் பின்னரே தமக்கெனச் சீருடைகளை அமைத்துக்கொண்டன.

ஆயினும், விலை கொடுத்து வாங்கவேண்டிய சீருடை ஏழைக்குத் தடையாவதும் உண்டு. அன்றாடக் கூலியால் வாழும் குடும்பத்தில் பிள்ளைகள் மூவர் இருப்பின், மூவர்க்கும் துணியும் தையற்கூலியும் கொடுப்பது எளிதோ? “சீருடையின்றி வராதே” என்னும் கட்டளை, “பள்ளிக்கே வராதே” என்றன்றோ அப்பிள்ளைகளின் செவியில் ஒலிக்கும்!

இவ்வுண்மையை உணர்ந்தோர் நம் நாட்டில் இருந்தனர். காமராசர் முதலமைச்சராக விளங்கிய காலத்தில், 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித் துறையின் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அவற்றுள் முதலாவது, 1958ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் கூடியது. கடம்பத்தூரும் அத்திப்பட்டும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இம்மாநாடுகளின் வாயிலாக ஊர் மக்களே தம் பள்ளிக்குக் கட்டடமும் இருக்கையும், ஏழைச் சிறுவர்க்குச் சீருடையும் நல்கினர். அத்திப்பட்டை அடுத்துள்ள எண்ணூர்த் துறைமுகம் 2014ஆம் ஆண்டு முதல் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஊரார் உவந்து அளித்ததனை அரசு பின்னர்த் தன் கடமையாக ஏற்றது. சத்துணவு உண்ணும் மாணவர்க்கு விலையில்லாச் சீருடை வழங்கும் திட்டம் 1985ஆம் ஆண்டில் தொடங்கியது. 2012–13ஆம் கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு 4 இணைச் சீருடைகள் வழங்கலாயினர். ஒரே உடை உடையவன், மழை நாளில் அது உலராவிடின் என் செய்வான்? நான்கு உடைகளின் அருமை அவனுக்கே தெரியும். கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக நெசவாளர் நெய்ய, மகளிர் தைக்க, அவர்களும் இதனால் வாழ்வு பெறுகின்றனர்.

சீருடையால் அனைத்து வேற்றுமையும் அகன்றுவிடுமோ? அகலாது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைச் சில மாணவர் கையில் கட்டுவதைத் தடை செய்யவேண்டும் என்று, நீதிபதி சந்துரு குழு 2024ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. உடை ஒன்றாயினும் உள்ளம் வேறாயின், ஒரு சிறு கயிறும் பிரிவினையை உண்டாக்கிவிடும்.

மாணவர்களே! சீருடை உடலின் வேற்றுமையை மறைக்கும். உள்ளத்து வேற்றுமையை நீங்களே களைதல் வேண்டும். நும் தோழனின் சட்டை கிழிந்திருப்பின் எள்ளி நகையாதீர். அவன் அருகில் அமருங்கள். அவனோடு கூடி உண்ணுங்கள். அதுவே சீருடைக்குச் சிறப்பாகும்.