கூடாரத்தில் விருந்தினர்

மலையடிவாரத்தில் நிலமுடைய அங்கத்தினர் ஒருவர், தமது தோட்டத்தில் நான்கு கூடாரங்கள் அடித்துப் பட்டணத்தாருக்கு வாடகைக்கு விட எண்ணிச் சங்கத்தில் கடன் கோரினார். கட்டடச் செலவில்லை, விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் வருவாய் உண்டு என்பது அவர் கணக்கு. மனு என் பார்வைக்கு வந்தது. கித்தானுக்கும் கட்டிலுக்கும் தொகை கண்டிருந்தது. கழிப்பிடம், வேலி, விளக்கு ஆகியவற்றுக்கு ஒரு காசும் இல்லை. திருப்பியனுப்பச் சொன்னேன். அவருக்கு வருத்தந்தான்.

2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், காட்டை ஒட்டிய விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்மணி ஒருவர் யானை தாக்கி மாண்டார், விடுதியும் மூடப்பட்டது. ஆதலின் அங்கத்தினர்கள் கித்தான் வாங்குமுன் யானைத் தடம் எதுவென வனத்துறையாரிடம் விசாரித்தல் வேண்டும். ஊராட்சி அனுமதியும் தேவை. ஓடைக்கரையில் கூடாரம் கூடாது. மேலே பெய்த மழை இரவில் சொல்லாமல் இறங்கிவிடும். கழிப்பிடம் கிணற்றுக்கு எட்டத்திலும் கூடாரத்திற்குக் கிட்டத்திலும் இருக்கட்டும். அயல்நாட்டார் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிப்பது சட்டம். விரிப்புக்குப் பவானி ஜமக்காளமே வாங்குக. நெசவாளர் அங்கத்தினர்க்கும் இதில் பங்கு இருக்கட்டுமே!

அவ்வங்கத்தினர் இப்போது இரண்டே கூடாரங்களுக்கு மனுவைத் திருத்தியுள்ளார். வேலியைத் தம் கைப்பணத்தில் போட்டுவிட்டார். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மனு வருகிறது.